சூலியா தெருவிலிருந்து தோ பாயோ வரை

1824-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சிங்கப்பூரில் முதன்முதலாக மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப்பட்டது. கிடைத்த எண் 10,683. மலாய்க்காரர் 4,580, சீனர் 3,317, பூகிஸ் மக்கள் 1,925, இந்தியர் 756, ஐரோப்பியர் 74, ஆர்மீனியர் 16, அரபியர் 15 என்று அந்தக் கணக்கு வகை பிரித்துச் சொல்கிறது. ஐந்தாண்டுகளுக்கு முன் இராஃபிள்ஸ் துரை அந்த ஆற்றங்கரையில் இறங்கியபோது தீவில் இருந்தவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தாம். ஐந்தே ஆண்டுகளில் ஆயிரம் பத்தாயிரமாயிற்று. 1836-இல் முப்பதாயிரத்தைத் தொட்டது. அப்போதே சீனர்கள் மலாய்க்காரர்களை முந்திவிட்டனர். 1901-இல் இரண்டேகால் இலட்சத்தைத் தாண்டியது. இன்று அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அத்தீவில் வாழ்கின்றனர். இந்த எண்களை அடுக்கிக் காட்டுவது வியப்புக்காக அன்று. இவற்றுக்குள் நம்மவர் எங்கே நின்றார்கள், எங்கே நகர்த்தப்பட்டார்கள், நெருக்கம் அவர்களை என்ன செய்தது என்பதே நாம் இங்கே காண விழைவது.

அந்த 756 பேரில் கணிசமானோர் சூலியாக்கள். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை முதலிய சோழமண்டலக் கரை ஊர்களிலிருந்து கடல் கடந்து சென்ற தமிழ் முஸ்லிம்களுக்கு மலாய்க் கரையில் வழங்கிய பெயர் அது. பினாங்கில் அவர்கள் ஏற்கெனவே வேரூன்றியிருந்தனர். அங்குள்ள கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல் 1801-இல் தோன்றியது. சிங்கப்பூர் திறந்த துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டதும் பினாங்கிலிருந்தும் தாய்நாட்டிலிருந்தும் அவர்கள் அங்கே வந்து சேர்ந்தனர். துணி வணிகர், நாணயம் மாற்றுவோர், சிறுகடைக்காரர், படகோட்டிகள் என்று அவர்களின் தொழில்கள் பல. கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கி ஆற்றுக்குள் கொண்டுவரும் படகுத் தொழில் நெடுங்காலம் பெரும்பாலும் சூலியாக்களின் கையில்தான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது சீனர் கைக்கு மாறியது.

1822-இல் இராஃபிள்ஸ் நகருக்கு ஒரு திட்டம் வகுக்கக் குழு அமைத்தார். ஜாக்சன் என்னும் படைத்தலைவர் வரைந்த வரைபடத்தில் ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனி நிலம் குறிக்கப்பட்டது. ஆற்றின் தென்புறம் சீனர் கம்பம். அதற்கும் மேலே, ஆற்றின் மேற்போக்கில், சூலியா கம்பம். வடபுறம் ஐரோப்பியர் நகரம்; அதற்கு அப்பால் சுல்தானுக்குரிய கம்போங் கிளாம், அதை ஒட்டி அரபியர், அவர்களையும் தாண்டிப் பூகிஸ் மக்கள். ஒவ்வொரு வீட்டின் முன்பும் கூரையுள்ள தொடர்ந்த நடைபாதை விடப்பட வேண்டும் என்ற விதியும் அதே திட்டத்தில்தான் பிறந்தது. இன்றும் பழைய கடைவீடுகளின் முன்னே நாம் காணும் ஐந்தடி வழி, நம்மவர் பேச்சில் 'அஞ்சடி', அந்த விதியின் பயன். மழையிலும் வெயிலிலும் நடப்பவனுக்கு நிழல் தந்த அந்த அஞ்சடியே, பின்னாளில் வீடற்றவனுக்குப் படுக்கையாகவும், முதலற்ற வணிகனுக்குக் கடையாகவும் ஆயிற்று என்பதை மறக்கலாகாது.

வரைபடம் ஒன்று, வாழ்க்கை மற்றொன்று. படகோட்டி படகுக்கு அருகில்தான் குடியிருப்பான்; நாணயம் மாற்றுபவன் துறைமுகத்துக்கு அருகில்தான் பலகை போடுவான். ஆகவே சூலியாக்கள் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய தெருக்களிலேயே நெருங்கி வாழ்ந்தனர். அங்கே ஒரு தெருவுக்கு 'கிலிங் தெரு' என்றே பெயர் இருந்தது. அச்சொல்லில் இழிவு படிந்துவிட்டதென்று இந்தியர்கள் வருந்தியதால், 1920-களின் தொடக்கத்தில் அத்தெரு சூலியா தெரு என்று பெயர் மாற்றப்பட்டது. அவர்கள் வாழ்ந்த அடையாளம் பள்ளிவாசல்களில் இன்னும் தெளிவாக நிற்கிறது. 1826-இல் தொடங்கப்பட்ட ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், நம்மவர் வழக்கில் பெரிய பள்ளி, சவுத் பிரிட்ஜ் ரோட்டில் உள்ளது. இன்றைய கட்டடம் 1830-களில் எழுந்தது. தெலுக் ஆயர் தெருவில் 1827-இல் ஓலைக் குடிசையாகத் தோன்றிய அல் அப்ரார் பள்ளிக்குக் குச்சுப் பள்ளி என்று பெயர். ஓலை போய்ச் செங்கல் வந்து நூற்றெழுபது ஆண்டுகள் ஆனபின்பும் பெயரில் குச்சு இருக்கிறது. அதே தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் ஆண்டகை அவர்களின் நினைவாக ஒரு தர்கா எழுந்தது. இரண்டுக்கும் நடுவே சீனக் கடலோடிகள் தங்கள் கடல் தெய்வத்துக்கு 1842-இல் கட்டி முடித்த கோயில் நிற்கிறது. பெரிய பள்ளிக்குச் சற்றுத் தள்ளி 1827-இல் தோன்றிய மாரியம்மன் கோயில். கடல் கடந்து வந்தவன், எந்தச் சமயத்தவனாயினும், கரையேறியதும் முதலில் நன்றி செலுத்தவே இடம் தேடினான் என்பதற்குத் தெலுக் ஆயர் தெரு சான்று. அத்தெரு அன்று கடற்கரை. பிற்பாடு கடலைத் தூர்த்து நிலமாக்கிவிட்டார்கள். இன்று அங்கே நிற்பவருக்கு அலையோசை கேட்காது.

இனி மக்கள் பெருக்கத்தைக் கவனிப்போம். பெருக்கம் என்றதும் பிறப்பு என்று நினைப்பது நம் வழக்கம். சிங்கப்பூரில் அப்படியில்லை. ஏறத்தாழ 1921 வரையில் அந்நகரில் பிறந்தவர்களைவிட இறந்தவர்களே அதிகம். நூறாண்டுக் காலம் அந்த நகரம் தன் மக்களைத் தின்றுகொண்டே வளர்ந்தது என்றால் மிகையாகாது. ஒவ்வோராண்டும் கப்பல்கள் புதிய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிய காரணத்தால்தான் எண்ணிக்கை ஏறியது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. மலாய் நாட்டில் ஈயமும் பின்னர் இரப்பரும் பெருகின. தென் சீனத்திலோ பஞ்சமும் கலகமும். கூலிக்கு ஆள் வேண்டியிருந்தது, ஆட்களும் பசியோடு இருந்தனர். வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அதிலும் இளைஞர்கள். சில ஆண்டுகள் உழைத்துப் பொருள் சேர்த்து ஊர் திரும்புவதே அவர்களின் எண்ணம். வீடு கட்டும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. அவர்களுக்கு வீடு கட்டித் தரும் எண்ணம் அரசுக்கும் இல்லை.

அதனால் ஏற்பட்ட நெருக்கம் எத்தகையது என்பதை 1907-இல் சிம்ப்சன் என்னும் மருத்துவப் பேராசிரியர் அளித்த அறிக்கை காட்டியது. கடைவீடு என்பது முன்புறம் குறுகி, உள்ளே நீண்டு செல்லும் கட்டடம். இருபுறமும் அடுத்த வீட்டின் சுவர். பல இடங்களில் பின்புறமும் வேறொரு வீட்டின் முதுகு. ஒருவர் முழுக் கட்டடத்தையும் வாடகைக்கு எடுத்து, மாடியைப் பலகைத் தடுப்புகளால் சிறு அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனி வாடகைக்கு விடுவார். நடு அறைகளுக்குச் சன்னல் கிடையாது. பகலிலும் விளக்கு வேண்டும். ஒரே படுக்கையை இரவு வேலைக்காரனும் பகல் வேலைக்காரனும் மாறி மாறிப் பயன்படுத்திய வீடுகளும் இருந்தன. காசநோய்க்கு வேறு விருந்தழைப்பு வேண்டுமா? காற்றும் வெளிச்சமும் புகும்படி வீடுகளின் பின்னே சந்து வெட்ட வேண்டும் என்று சிம்ப்சன் பரிந்துரைத்தார். நகரச் சீரமைப்புக்கென ஓர் அமைப்பு வேண்டும் என்ற அவரது கருத்து நிறைவேற இருபது ஆண்டுகள் ஆயின. 1927-இல்தான் சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் தோன்றியது.

இங்கே ஒன்றை நேயர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். சிம்ப்சன் கண்ட சிங்கப்பூரில் இருந்தோர் மூன்று இலட்சத்துக்கும் குறைவு. தீவில் காடும் தோட்டமும் வெற்று நிலமும் நிறைந்து கிடந்தன. ஆகவே நிலம் போதாமையால் மக்கள் நெருங்கினர் என்பது பொருந்தாது. அன்றாடம் கூலிக்குச் செல்பவன் நடந்து செல்லும் தொலைவில்தான் வாழ முடியும். அந்தத் தொலைவுக்குள் இருந்த நிலம் சிலர் கையில் இருந்தது. ஓர் அறையைப் பத்தாகப் பிரித்தால் பத்து வாடகை வந்தது. நெருக்கம் என்பதன் பின்னே பெரும்பாலும் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது என்பதே நம் கருத்து.

நெருக்கம் தொழுமிடத்தையும் விட்டுவைக்கவில்லை. கம்போங் கிளாமில் 1820-களில் எழுந்த சுல்தான் பள்ளிவாசல் நூறாண்டு முடிவதற்குள் ஜமாஅத்துக்குப் போதாததாயிற்று. 1914-இல் அதன் நிர்வாகம் திருத்தியமைக்கப்பட்டபோது மலாய், ஜாவா, பூகிஸ், அரபு, தமிழ், வட இந்திய முஸ்லிம்கள் என ஆறு பிரிவினருக்கும் அறங்காவலர்களில் இடம் தரப்பட்டது. பின்னர் பழைய பள்ளி அகற்றப்பட்டு, இன்று நாம் காணும் பொற்குவிமாடப் பள்ளி 1920-களில் கட்டப்பட்டது. ஒரு நகரத்து முஸ்லிம்கள் எத்தனை மொழி பேசுவோராயிருந்தனர் என்பதற்கு அந்த ஆறு பிரிவு நிர்வாகம் ஒரு சிறு கணக்கெடுப்புப் போலவே இருக்கிறது. செராங்கூன் ரோட்டுப் பக்கம், தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்றழைத்த வட்டாரத்தில், டன்லப் தெருவில் அப்துல் கபூர் பள்ளிவாசல் 1907-இல் தொடங்கி எழுந்ததும் இத்தகைய தேவையால்தான்.

உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது கதை திரும்பியது. ஆட்களை வாரி அழைத்த அதே அரசு 1930-இல் சீன ஆண்கள் வருகைக்கு வரம்பு கட்டியது. 1933-இல் அயல்நாட்டார் சட்டம் வந்தது. பெண்களுக்குச் சில ஆண்டுகள் வரம்பு இல்லாதிருந்ததால் சீனப் பெண்கள் பெருமளவில் வந்தனர். குடும்பங்கள் உருவாயின, குழந்தைகள் பிறந்தன. தங்கிப் போக வந்தவர்களின் நகரம் மெல்ல மெல்லக் குடியிருப்போரின் நகரமாக மாறியது.

நம்மவரிடையே இந்த மாற்றத்தை முன்னரே செய்து காட்டியவர்கள் கடையநல்லூர், தென்காசி மக்கள். கடற்கரை ஊர்களிலிருந்து சென்ற மரைக்காயர்களும் வணிகர்களும் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே சென்று திரும்புவதையே வழக்கமாகக் கொண்டிருந்தனர். கடையநல்லூராரோ மனைவி மக்களோடு புறப்பட்டனர். வணிகமுதல் இல்லாத உழைப்பாளிகள் அவர்கள். தஞ்சோங் பகார் வட்டாரத்தில், துறைமுகத்தை ஒட்டி, அவர்கள் கூட்டமாக வாழ்ந்தனர். ஆடவர் துறைமுகத்திலும் சிறு கடைகளிலும் உழைக்க, பெண்கள் அம்மியில் மசாலை அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். அன்றைய சிங்கப்பூரில் பல இனத்தார் வீட்டுக் குழம்பிலும் அந்தப் பெண்களின் கை மணம் இருந்தது. வரலாற்று நூல்கள் ஆளுநர்களின் பெயரை எழுதும் அளவுக்கு இந்த அம்மிக்கல்லை எழுதுவதில்லை என்பது நமக்கு ஒரு குறையே.

இம்மக்கள் சங்கங்கள் அமைத்தனர். தென்காசி முஸ்லிம்களின் நலச் சங்கம் 1939-இலும், கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-இலும் தோன்றின. போர் வந்தது, ஜப்பானியர் ஆட்சியில் மூன்றரை ஆண்டுகள் கழிந்தன. போர் முடிந்த மறு ஆண்டிலேயே, 1946-இல், கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கி அதற்கு உமறுப் புலவர் பெயரைச் சூட்டியது. பசியும் இடிபாடும் தீராத ஊரில், துறைமுகத் தொழிலாளர்களின் சமூகம், சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரால் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க முனைந்தது சிறிய செய்தியன்று. பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. முஸ்லிமல்லாத தமிழ்ப் பிள்ளைகளும் அங்கே பயின்றனர்.

போருக்குப் பிந்திய 1947-ஆம் ஆண்டுக் கணக்கில் மக்கள்தொகை ஏறத்தாழ 9,40,000. பத்தே ஆண்டுகளில், 1957-இல், அது 14,45,929 ஆயிற்று. ஆண்டுக்கு நூற்றுக்கு நான்குக்கு மேற்பட்ட வளர்ச்சி; அதுவும் இம்முறை பெரும்பாலும் பிறப்பால். மருந்தும் குடிநீரும் சாவைக் குறைத்துவிட்டன. வீடுகளோ கூடவில்லை. 1947-இல் கொண்டுவரப்பட்ட வாடகைக் கட்டுப்பாடு ஏழைக்கு அரணாக வந்தது உண்மை. ஆனால் போருக்கு முந்திய வாடகையிலேயே நின்றுவிட்ட வீட்டைப் பழுது பார்க்க உரிமையாளர் எவரும் முன்வரவில்லை. குறைந்த வாடகைக்கு முழு வீட்டை வைத்திருந்தவரோ, அதைத் தடுத்துத் தடுத்து உள்வாடகைக்கு விட்டார். சட்டம் ஏழையின் பெயரால் இருந்தது. பயனை இடைத்தரகர் அறுவடை செய்தார். பாரிங்டன் கே என்னும் ஆய்வாளர் 1950-களில் மேல் நான்கிங் தெருவில் வீடு வீடாகச் சென்று திரட்டிய விவரங்கள் 1960-இல் நூலாக வெளிவந்தன. சிம்ப்சன் கண்ட அதே சன்னலற்ற தடுப்பறைகள், அரை நூற்றாண்டு கழிந்தும், அங்கே அப்படியே இருந்தன. வேறுபாடு ஒன்றே. அன்று அறைக்குள் தனி ஆண்கள், இப்போது குடும்பங்கள்.

நகரில் இடமில்லாதவர்கள் விளிம்பில் பலகையும் தகரமும் அத்தாப்பும் கொண்டு குடிசைகள் எழுப்பினர். அத்தகைய கம்பங்களில் ஒன்று புக்கிட் ஹோ சுவீ. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை தினம். அன்று பிற்பகலில் அங்கே பற்றிய தீ காற்றோடு பரவி, ஏறத்தாழ 16,000 பேரை ஒரே மாலையில் வீடற்றவர்களாக்கியது. நால்வர் உயிரிழந்தனர். சிங்கப்பூரின் வீட்டு வரலாறு அந்நாளிலிருந்து விரைந்தது என்பர். 1960-இல் தொடங்கப்பட்டிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தீப்பட்ட இடத்திலேயே அடுக்குமாடி வீடுகளைக் கட்டி, ஓராண்டுக்குள் மக்களைக் குடியேற்றத் தொடங்கியது. பழைய டிரஸ்ட் முப்பத்திரண்டு ஆண்டுகளில் கட்டியவை ஏறத்தாழ 23,000 வீடுகள். புதிய கழகம் முதல் ஐந்தாண்டுகளிலேயே ஐம்பதாயிரத்துக்கும் மேல் கட்டியது. 1966-இல் வந்த நிலமெடுப்புச் சட்டம் அரசுக்கு நிலத்தைத் தந்தது. 1968 முதல் தொழிலாளி தன் மத்திய சேம நிதியிலிருந்து வீட்டுத் தவணை கட்டலாம் என்றானது. இன்று அந்நாட்டில் நிரந்தரமாக வாழ்வோரில் பத்தில் எட்டுப் பேர் அளவில் இந்த அரசு அடுக்குமாடிகளில்தான் இருக்கின்றனர்.

இதைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. சன்னலற்ற அறையில் இருமிக்கொண்டிருந்த ஒரு தாய்க்குக் காற்றும் குழாய் நீரும் தனிக் கழிப்பிடமும் கிடைத்ததைப் 'பழைய அழகு போயிற்றே' என்று பெருமூச்சு விட்டு எவரும் மறுக்க முடியாது. அந்தப் பெருமூச்சு பெரும்பாலும் அங்கே வாழாதவர்களுடையது. ஆனால் விலை ஒன்று இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பெரும்பான்மையினர் எங்கே கலைந்து சென்றாலும் பெரும்பான்மையினரே. சிறிய சமூகம் அப்படியன்று. தஞ்சோங் பகாரில் ஒரு கூப்பிடு தூரத்தில் வாழ்ந்த குடும்பங்கள் தீவின் நான்கு மூலைகளுக்கும் பிரிந்தன. கல்யாணச் செய்தியும் மையித்துச் செய்தியும் வாய்வழியே பரவிய காலம் முடிந்தது. பிள்ளைகள் அருகிலிருந்த ஆங்கிலப் பள்ளிகளில் சேர்ந்தனர். வேலைக்கும் அதுவே வழி என்றாகிவிட்டது. உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் மாணவர் தொகை குறைந்து குறைந்து, 1982-இல் அது மூடப்பட்டது. கட்டடம் போயிற்று; பெயர் போகவில்லை. பல பள்ளிகளின் மாணவர்கள் வந்து தமிழ் கற்கும் அரசு நிலையம் இன்று உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் என்று வழங்குகிறது.

கம்பங்கள் இடிக்கப்பட்டபோது அவற்றோடு சிறு பள்ளிகளும் சூராவ்களும் மறைந்தன. புதிய நகரங்களில் ஆயிரமாயிரம் முஸ்லிம் குடும்பங்கள், தொழுமிடமோ இல்லை. இதற்குக் கண்ட வழி நாம் கருதிப் பார்க்கத் தக்கது. 1968-இல் அமைந்த இஸ்லாமிய சமய மன்றத்தின் பொறுப்பில் 1975-இல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கப்பட்டது. வேலை பார்க்கும் ஒவ்வொரு முஸ்லிமின் சேம நிதி வழியாகவும் மாதம் ஐம்பது காசு. செல்வந்தர் ஒருவர் மனமுவந்து கட்டித் தந்த பழைய பள்ளிகளுக்கு மாறாக, இலட்சம் கைகளின் அரை வெள்ளியால் எழும் பள்ளிகள். அவற்றுள் முதலாவது 1977-இல் தோ பாயோவில் திறக்கப்பட்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் முஹாஜிரீன். ஹிஜ்ரத் செய்தோரின் பெயரை ஓர் அடுக்குமாடி நகரத்துப் பள்ளிக்குச் சூட்டியவர்கள், இடம் பெயர்ந்தவரின் மனத்தை நன்கு அறிந்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும். இப்பள்ளிகளின் பொதுமொழி மலாய். தமிழில் குத்பா கேட்க விரும்புவோர் பெரிய பள்ளி போன்ற பழைய பள்ளிகளை நாடி நகருக்குள் வர வேண்டியிருக்கிறது.

கலைந்த மக்கள் காலப்போக்கில் மீண்டும் கூடத் தலைப்பட்டனர். 1980-களில் பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரரும், ஹவ்காங்கில் சீனரும், யீஷூனில் இந்தியரும் மிகுதியாகச் சேர்வதை அரசு கவனித்தது. 1989 மார்ச்சு முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஒரு வட்டாரத்தில் சீனர் 84 விழுக்காடு, மலாய்க்காரர் 22, இந்தியரும் பிறரும் 10. ஒரே கட்டடத்தில் முறையே 87, 25, 13. வரம்பு நிரம்பிய இடத்தில் அதே இனத்தார் வேறு இனத்தாரிடமிருந்து வீடு வாங்க இயலாது. 2010-இல் இந்தியர், பிறர் வரம்பு 12, 15 என உயர்த்தப்பட்டது. 1822-இல் இனங்களைப் பிரித்து வைக்க வரம்பு கட்டினார்கள். 1989-இல் கலந்து வைக்க வரம்பு கட்டினார்கள். இரண்டிலும் அளவுகோல் ஆட்சியாளர் கையில்தான் இருந்தது. எனினும் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது. 1964-இல் இனக் கலவரத்தில் இரத்தம் சிந்திய ஊர் அது. இனத்துக்கொரு தெரு என்று பிரிந்து கிடப்பதன் ஆபத்தை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். அண்டை வீட்டுச் சீனர் நோன்புக் கஞ்சியை அறிந்திருப்பதும், நம் வீட்டுப் பிள்ளை சீனப் புத்தாண்டு ஆரஞ்சை அறிந்திருப்பதும் அந்த அடுக்குமாடி வாழ்வின் பயன்களே.

ஆயினும் சுமை சமமாக விழவில்லை. சிறுபான்மையினர் வரம்பு நிரம்பாத கட்டடத்தில், சீனர் வரம்பு மட்டும் நிரம்பியிருந்தால், அங்குள்ள இந்தியரோ மலாய்க்காரரோ தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருவோர் சிலராகையால் விலை குறையும், காத்திருப்பு நீளும். பல ஆண்டுக் காலமாகச் சொல்லப்பட்ட இக்குறைக்கு, 2022-இல்தான் கழகமே அத்தகைய வீடுகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது.

பிறப்பையும் அரசு எண்ணியது. 1966-இல் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம். 1970-களில் 'இரண்டோடு நிறுத்து' என்ற முழக்கம். மூன்றாவது, நான்காவது பிள்ளைக்கு மருத்துவமனைக் கட்டணம் கூடுதல். 1965-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி நான்கரைக் குழந்தை என்றிருந்தது, பத்தே ஆண்டுகளில் இரண்டாயிற்று. நிறுத்தச் சொன்னவர்களே 1987-இல் 'இயன்றால் மூன்று பெறுக' என்று கேட்டுக்கொள்ள நேர்ந்தது. கேட்டவர் அதிகமில்லை. 2023-இல் அந்தச் சராசரி ஒன்றுக்கும் கீழே, 0.97-க்கு, இறங்கிவிட்டது. கூட்டத்தைக் குறைக்கப் பூட்டிய கதவைத் திறக்கச் சாவி அகப்படவில்லை. எனவே நூறாண்டுக்கு முன்போலவே, இன்றும் அந்நகரம் வெளியிலிருந்து வருவோராலேயே வளர்கிறது. 2024-இல் 60 இலட்சம் பேரில் ஏறத்தாழ 18 1/2 இலட்சம் பேர் நிரந்தர உரிமையற்று, வேலை நிமித்தமும் பிற நிமித்தமும் தங்கியிருப்போர்.

இறந்தவர்களுக்கும் இடம் சுருங்கிற்று. பிடாடாரி மையவாடியில் 1910 முதல் 1970-களின் தொடக்கம் வரை முஸ்லிம்கள் அடக்கம் செய்யப்பட்டனர். புதிய குடியிருப்புக்காக 2001-க்கும் 2006-க்கும் இடையில் அங்கிருந்த ஏறத்தாழ 68,000 முஸ்லிம் கப்றுகளும், அருகிலிருந்த 58,000 கிறிஸ்தவக் கல்லறைகளும் தோண்டி அகற்றப்பட்டன. 1998 முதல் எந்தக் கப்றுக்கும் பதினைந்தாண்டுதான் தவணை. அதன்பின் எச்சங்கள் எடுக்கப்பட்டு, முஸ்லிம்களுடையவை சுவா சூ காங்கில் குறைந்த இடத்தில் ஒன்றாக மீண்டும் அடக்கப்படுகின்றன. தந்தையின் கப்றுக்கு ஜியாரத் செய்யச் செல்பவர் வரிசை எண்ணைத் தேடி நிற்கும் நிலை இது. உயிரோடிருப்போருக்கு வீடு வேண்டும் என்பதை மார்க்க அறிஞர்களும் ஒப்பினர். அதற்காக நெஞ்சு கனக்காமலிருக்குமா?

சூலியா தெரு இன்று வங்கிகளின் தெரு. ஐம்பது அடுக்குக்கும் மேலெழுந்த கட்டடங்கள் அங்கே. சந்தைத் தெருவில் 1950-களில் இருந்த மௌலானா முகம்மது அலி பள்ளிவாசல் அவ்வாறான வங்கிக் கோபுரம் ஒன்றின் நிலவறையில் இடம் பெற்றிருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அலுவலக மக்கள் படியிறங்கிச் சென்று ஜும்ஆ தொழுகின்றனர். சற்றுத் தொலைவில், ராஃபிள்ஸ் பிளேஸ் ஆர்கேடில், நாணயம் மாற்றும் கடைகளில் நம் தமிழ் இன்னும் கேட்கிறது. இருநூறாண்டாக மாறாத தொழில் அது ஒன்றுதான் போலும்.

இத்தனைக்கும் பிறகு அந்நகரில் நெருக்கம் ஒழிந்துவிட்டதா என்றால், 2020-ஆம் ஆண்டு வேறு விடை தந்தது. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்க வங்காள தேசத்திலிருந்தும் நம் தமிழ்நாட்டிலிருந்தும் சென்ற ஆடவர்கள், குடும்பமின்றி, நகர விளிம்பிலுள்ள விடுதிகளில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர், சிற்சில இடங்களில் இருபது பேர் என்று இரட்டையடுக்குக் கட்டில்களில் தங்கியிருந்தனர். அத்தகைய விடுதிகளில் ஏறத்தாழ 3,23,000 பேர். கொரோனா நோய் உள்ளே நுழைந்தது. அவ்வாண்டு முடிவில் அரசே வெளியிட்ட கணக்கின்படி, இரத்தப் பரிசோதனையில் தெரிந்தவர்களையும் சேர்த்து, அவர்களில் நூற்றுக்கு 47 பேரை அந்நோய் தொட்டிருந்தது. பெரும்பாலோர் இளைஞர்களாதலால் உயிரிழப்பு மிகக் குறைவு. அதற்கு இறைவனுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் பல மாதங்கள் அறையை விட்டு வெளியேற இயலாமல், கட்டிலில் அமர்ந்தபடி ஊரிலுள்ள மனைவி மக்களோடு கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்த அந்த ஆயிரமாயிரம் பேரை எண்ணும்போது, சிம்ப்சனின் அறிக்கையை மீண்டும் புரட்ட வேண்டியிருக்கிறது. குடும்பமற்ற ஆடவர், சில ஆண்டுத் தங்கல், குறைந்த வாடகை, நிறைந்த அறை. 1907-க்கும் 2020-க்கும் இடையே அவ்வகையில் மாறியது சன்னல் ஒன்றே.

நோய்க்குப் பின் விதிகள் திருத்தப்பட்டன. 2021-இல் அறிவிக்கப்பட்டபடி, புதிதாகக் கட்டப்படும் விடுதிகளில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது; ஆளுக்கு 4.2 சதுர மீட்டராவது வேண்டும். அறையோடு இணைந்த கழிப்பிடம் வேண்டும். பழைய விடுதிகள் 2030-க்குள் இடைக்கால அளவுக்கும், 2040-க்குள் புதிய அளவுக்கும் மாற வேண்டும் என்று தவணை தரப்பட்டுள்ளது. அந்தத் தவணை முடிவதற்குள் நம் ஊர்களிலிருந்து இன்னும் எத்தனையோ இளைஞர்கள் அங்கே செல்வார்கள். ஏஜெண்டிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் தந்தையர், அறைக்கு எத்தனை பேர் என்றும் கேட்டு வைப்பது நல்லது.